வாங்காமல் விட்ட ஃப்ரீசர்

ஒரு கோப்பு ரொம்ப நாளாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. என் அலுவலகத்துக் கோப்பு இல்லை, அதில் என் கையெழுத்தும் கிடையாது. கடலோர மாவட்டம் ஒன்றில் இருக்கும் மத்திய அரசு ஆய்வு நிறுவனத்தின் பர்ச்சேஸ் செக்ஷனில், இரும்பு பீரோவின் நடுத்தட்டில் அது இருக்கிறது. மைனஸ் 80 டிகிரி டீப் ஃப்ரீசர் ஒன்று வாங்குவதற்காகத் திறந்த கோப்பு. குறிப்புப் பக்கங்கள் மட்டும் நாற்பத்தேழு. இருபத்தெட்டாம் பக்கத்தில் ஒரு இளநிலை உதவியாளர் எழுதிய ஒன்றரைப் பத்தி இருக்கிறது. அதன் கீழே பச்சை மையில் இரண்டே சொற்கள்: மறுடெண்டர் விடவும். அந்தப் பக்கத்தைப் பார்த்த நாளிலிருந்து, இத்தனை வருடமாக ஊர் ஊராகப் போய் நான் சொல்லிக்கொடுத்தது என்ன என்ற கேள்வி எனக்குள் உட்கார்ந்துவிட்டது.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 31 வருடம் இருந்தவன். அதில் 19 வருடம் கொள்முதல் பிரிவில். 2018-ல் ஓய்வு பெற்றேன். அதற்கு முந்தைய வருடம் மார்ச்சில்தான் புதிய பொது நிதி விதிகள், அதாவது ஜி.எஃப்.ஆர்., நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய பதிப்பு 2005-ல் வந்தது. அதற்கும் முந்தையது 1963. வேலைக்குச் சேரும்போது படித்த விதிகளை வைத்தே உத்தியோகத்தை முடித்துக்கொண்டு போன தலைமுறை ஒன்று எனக்கு முன்னால் இருந்தது. 2017-க்குப் பிறகு அந்த நிதானம் யாருக்கும் கிடைக்கவில்லை. அரசுக்காகப் பொருள் வாங்கித் தந்த டி.ஜி.எஸ். அண்ட் டி. அந்த வருடம் அக்டோபர் 31-ல் மூடப்பட்டது. அதோடு ரேட் காண்ட்ராக்ட், அதாவது அது முன்கூட்டியே பேசி வைத்த விலை ஒப்பந்தம், பார்த்து ஆர்டர் போடும் பழக்கமும் போனது. அரசின் இணையச் சந்தையான ஜெம்மில் கிடைக்கும் பொருளை ஜெம்மில்தான் வாங்க வேண்டும் என்றார்கள். அங்கே நேரடியாக வாங்க 50,000 ரூபாய், மூன்று தயாரிப்பாளர்களை ஒப்பிட்டு வாங்க 30 லட்சம் என்று இருந்த எல்லைகள் 2019-ல் 25,000 என்றும் 5 லட்சம் என்றும் இறங்கின. 2020-ல் சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கை. 200 கோடி வரை உலகளாவிய டெண்டர் கூடாது, நில எல்லையைப் பகிரும் நாடுகளின் நிறுவனங்கள் பதிவு செய்திருக்க வேண்டும், உள்நாட்டு மதிப்பு 50 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் வகுப்பு சப்ளையர், ஆர்டர் பெற்றவர் கட்டும் செயல்பாட்டு உத்தரவாதத் தொகை 3 சதவீதம் போதும். இதையெல்லாம் கோவையாக எடுத்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. எனக்கும் நேரம் இருந்தது. திருச்சி, காரைக்குடி, புதுச்சேரி என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன்.

என் வகுப்புக்கு ஒரு வடிவம் இருந்தது. இடப்பக்கம் பழைய விதி, வலப்பக்கம் புது விதி. இரண்டு நாள், தொண்ணூற்றுச் சொச்சம் ஸ்லைடு. கடைசியில் ஒரு சின்னத் தேர்வு. எல்லோரும் நன்றாகவே எழுதினார்கள். ஆறேழு மாதம் கழித்து அதே அலுவலகத்துக்கு வேறு காரியமாகப் போனால், சுற்றறிக்கைகள் அச்செடுத்து கார்டு ஃபைலில் வரிசையாகக் கோத்து வைக்கப்பட்டிருக்கும். கோப்புகள் மட்டும் பழைய தடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். சிறு நிறுவனங்களுக்கு முன்வைப்புத் தொகை, அதாவது டெண்டர் போடும்போது கட்டும் டெபாசிட், விலக்கு என்று தேர்வில் சரியாக எழுதியவரே டெண்டர் படிவத்தில் முன்வைப்புத் தொகை கட்டாயம் என்று போட்டிருப்பார். கேட்டால், "போன டெண்டர்ல இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டோம் சார்" என்பார். இன்னும் கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து அடுத்த வகுப்பில் ஐந்து ஸ்லைடு கூட்டுவேன்.

இருபத்தெட்டாம் பக்கம்

2023 பிப்ரவரியில் அந்த ஆய்வு நிறுவனத்தில் வகுப்பு. இரண்டாம் நாள் மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு. 2021 அக்டோபர் 29-ல் நிதி அமைச்சகம் வெளியிட்ட பொதுவான அறிவுரைகளுக்கு வந்திருந்தேன். அந்த ஆவணத்தில் எனக்குப் பிடித்த பத்தி ஒன்று உண்டு. திறந்த டெண்டருக்கு ஒரே ஒருவர் மட்டும் வந்தால் அதை ஏற்கக் கூடாது என்று வழக்கமாக எடுத்துக்கொண்டு, மறுடெண்டர்தான் பாதுகாப்பான வழி என்று சில அலுவலகங்கள் போகின்றன, அது சரியல்ல என்று நேராகச் சொல்லும் பத்தி. மறுடெண்டர் விடுவதற்கே செலவு உண்டு, வேலை தாமதமாவதால் நஷ்டம் உண்டு, அடுத்த தடவை விலை ஏறியும் வரலாம் என்று மூன்று காரணங்களும் அதிலேயே இருக்கும். 'பாதுகாப்பான' என்ற சொல்லுக்கு அதில் மேற்கோள் குறி போட்டிருப்பார்கள். எழுதியவர் ஏதோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் நேரில் பார்த்து அலுத்துப்போனவராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அதைத் திரையில் போட்டு, 2017 விதிகளின் 173-ஆம் விதியில் இருக்கும் மூன்று நிபந்தனைகளையும் சொன்னேன். விளம்பரம் சரியாகச் செய்து போதிய அவகாசம் கொடுத்திருக்க வேண்டும். தகுதி நிபந்தனைகள் தேவைக்கு மேல் நெருக்குவதாக இருக்கக் கூடாது. விலை சந்தை விலையோடு ஒப்பிட்டால் நியாயமாக இருக்க வேண்டும். இவை மூன்றும் இருந்தால் ஒருவர் மட்டும் வந்திருந்தாலும் டெண்டர் செல்லும். சொல்லி முடித்ததும் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றார். வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து வருடம் ஆகியிருக்கும்.

"சார், இந்தப் பாரா எனக்கு மனப்பாடம். மூணு கண்டிஷனையும் நோட்ல எழுதி, ஒவ்வொண்ணுக்கும் பதிலும் போட்டு மேலே அனுப்பினேன். ரீ-டெண்டர்னு திரும்பி வந்துச்சு. இப்ப நான் இன்னும் எதைக் கத்துக்கணும்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். முன் வரிசையில் கணக்குப் பிரிவு அதிகாரி இருந்தார், நிர்வாக அதிகாரி இருந்தார். இருவரும் அவர்கள் முன்னால் இருந்த பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் பதில் இல்லை. "இடைவேளையில அந்தக் கோப்பைக் காட்டுங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

சரி, கோப்பின் கதை இது. அந்த நிறுவனத்தில் கடல் உயிரினங்களின் திசு மாதிரிகளை வைத்திருக்கும் டீப் ஃப்ரீசர் ஒன்று பழசாகிவிட்டது. கம்ப்ரஸர் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. 2021 நவம்பரில் புதிதாக ஒன்று வேண்டும் என்று விஞ்ஞானி ஒருவர் இண்டென்ட், அதாவது எழுத்து மூலமான கோரிக்கை, கொடுத்தார். மதிப்பு 5 லட்சத்துக்கு மேல், ஆகவே ஜெம்மில் டெண்டர். முதல் டெண்டருக்கு ஒருவர்தான் வந்தார். ரத்து செய்தார்கள். இந்த முதல் ரத்து சரியானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேவையான தன்மைகளை ஒரு கம்பெனியின் கையேட்டிலிருந்து அப்படியே எடுத்திருந்தார்கள். உள்ளளவு மில்லிமீட்டர் கணக்கில், அதே மாவட்டத்தில் சர்வீஸ் சென்டர் என்றெல்லாம் இருந்தது. கடலோரச் சிற்றூரில் யாருக்கு சர்வீஸ் சென்டர் இருக்கும்? ஒருவர் மட்டும் வந்ததற்குக் காரணம் டெண்டரிலேயே இருந்தது. அந்தப் பெண்தான் அதைக் கண்டுபிடித்துக் குறிப்பு எழுதியிருக்கிறார். விஞ்ஞானியோடு உட்கார்ந்து, லிட்டர் கொள்ளளவு இத்தனையிலிருந்து இத்தனை வரை, கூப்பிட்ட 48 மணி நேரத்துக்குள் மெக்கானிக் வர வேண்டும் என்று திருத்தி எழுதினார்கள்.

இரண்டாவது டெண்டர் 2022 ஏப்ரலில் திறந்தது. இருபத்தொரு நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். மறுபடியும் ஒருவர்தான் வந்தார், 8,60,000 ரூபாய்க்கு. இருபத்தெட்டாம் பக்கத்துப் பத்தி இந்த இடத்தில் வருகிறது. நிபந்தனைகளை விரித்தாகிவிட்டது, அவகாசம் கொடுத்தாகிவிட்டது, வேறொரு மத்திய நிறுவனம் முந்தைய வருடம் கிட்டத்தட்ட இதே கொள்ளளவுக்கு 8,40,000 கொடுத்திருக்கிறது, ஆகவே ஏற்கலாம் என்று அவர் எழுதியிருந்தார். நான் என் சர்வீஸில் பார்த்த குறிப்புகளில் அது மிக நல்ல ஒன்று. பச்சை மை அதன் கீழேதான் வந்தது. மறுடெண்டருக்கான ஆவணங்கள் தயாராகிக்கொண்டிருந்த ஜூன் மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய ஃப்ரீசர் நின்றுபோனது. திங்கட்கிழமை காலை திறந்து பார்த்தபோது உள்ளே எல்லாம் உருகியிருந்தது. அதில் ஒரு ஆராய்ச்சி மாணவி மூன்று பருவங்கள் படகில் போய்ச் சேகரித்த மாதிரிகளும் இருந்தன. மூன்றாவது டெண்டர் ஆகஸ்டில். அதே ஒருவர் வந்தார். இந்த முறை 9,85,000. வேறு வழியில்லாமல் வாங்கினார்கள்.

கோப்பில் அந்த மாணவியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. இருக்கவும் இடமில்லை. 1,25,000 ரூபாய் கூடுதல் செலவைக் கணக்கு போட்டுவிடலாம். அவளுடைய மூன்று பருவங்களை எந்தத் தலைப்பில் எழுதுவது? அந்த உதவியாளர்தான் எனக்கு அதைச் சொன்னார். இருவரும் ஒரே ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்களாம். "அவ என்கிட்ட ஒண்ணும் கேக்கலை சார். அதான் கஷ்டமா இருக்கு" என்றார்.

பச்சை மைக்குப் பின்னால்

பச்சை மையில் எழுதிய அதிகாரியை அன்று மாலையே பார்த்தேன். அவரைக் குற்றவாளியாக்கி இதை எழுதினால் வேலை சுலபம், ஆனால் அது பொய்யாகிவிடும். நேர்மையான மனிதர். தன் பையனின் கல்யாணத்துக்கு சப்ளையர் யாரையும் கூப்பிடாதவர் என்று செக்ஷனில் சொன்னார்கள். 2022 ஏப்ரலில் அவருக்கு ஓய்வுக்குப் பதினாலு மாதம் பாக்கி. அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "ஒருத்தன்தான் வந்தான், அவன்கிட்டயே வாங்கினேன்னா, ஏன் வாங்கினேன்னு கேட்பாங்க. மறுபடி டெண்டர் போட்டா எவனும் கேட்க மாட்டான். நீங்களும் இந்த நாற்காலியில இருந்தவர்தானே."

இருந்தவன்தான். அரசு ஊழியருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஓய்வு பெறும் நாளில் துறை விசாரணை நிலுவையில் இருந்தால் தற்காலிக ஓய்வூதியம் மட்டும் வரும், பணிக்கொடை நின்றுவிடும். ஓய்வு பெற்ற பிறகும், நான்கு வருடத்துக்குள் நடந்த விஷயமென்றால் புதிதாக நடவடிக்கை தொடங்க முடியும். அதாவது கடைசி நான்கு வருடத்தில் போடும் ஒவ்வொரு கையெழுத்தும் வீடு வரை கூட வருகிறது. வீட்டுக் கடனும் பெண்ணின் படிப்பும் இருக்கிறவரிடம் போய், விதி உங்களை அனுமதிக்கிறது, தைரியமாகப் போடுங்கள் என்று ஸ்லைடில் காட்டினால் அவர் தலையாட்டுவார். போடமாட்டார்.

நானும் போடவில்லை. 2012-ல் எங்கள் அலுவலகத்துக்கு ஜெனரேட்டர் வாங்கும் கோப்பு என்னிடம் வந்தது. தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடம். டெண்டருக்கு ஒருவர்தான் வந்தார், விலையும் நியாயம்தான். நான் ரத்து செய்து மறுடெண்டர் விட்டேன். அடுத்த தடவை வந்த விலை கூடுதல். அதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது. வெயில் காலம் முழுக்க பொதுமக்கள் வந்து நிற்கும் கவுண்டரில் பாதி நாள் கம்ப்யூட்டர் இல்லை. அந்தக் கோப்பைத் தணிக்கைக்காரர்கள் பார்த்தார்கள், ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. அன்று எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அதிகாரி அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த நிம்மதிதான். நாற்பது டிகிரி வெயிலில் கவுண்டருக்கு முன்னால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவரும் அன்று என் நினைவுக்கு வரவில்லை. இப்போது வருகிறார்கள்.

மறுடெண்டரால் விலை ஏறுவது ஏன் என்பதை எனக்கு விளக்கியவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆய்வகக் கருவிகள் செய்யும் சிறு உற்பத்தியாளர் ஒருவர். இதை எந்தப் பயிற்சிப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. "முதல் தடவை போடும்போது எத்தனை பேர் வருவாங்கன்னு தெரியாது சார். பயந்து பயந்து குறைச்சுப் போடுவேன். திறந்ததும் நான் மட்டும்தான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகுது, எனக்கும்தான். ரத்து பண்ணிட்டு மறுபடி கூப்பிட்டா நான் ஏன் அதே விலைக்குத் தரணும்?" என்றார். போட்டி வேண்டும் என்பதற்காக ரத்து செய்கிறோம். ரத்து செய்வதன் மூலம், போட்டி இல்லை என்ற தகவலை எதிராளியின் கையில் நாமே கொடுத்துவிடுகிறோம். ஃப்ரீசரின் 8,60,000 எப்படி 9,85,000 ஆனது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அவர் இன்னொன்றும் சொன்னார். பல அலுவலகங்களுக்கு அவர் இப்போது விலை கொடுப்பதே இல்லையாம். "மூணு தடவை ரத்து பண்ணுவாங்க. ஒவ்வொரு தடவையும் பேப்பர் வேலைக்கு ஒரு ஆள், ஒரு வாரம்." அப்புறம் ஏன் ஒருவர் மட்டும் வருகிறார் என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

'சிங்கிள்' என்று ஒரு சொல்

இந்த பயத்துக்கு ஒரு சொல் குழப்பமும் துணை போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் அலுவலகங்களில் 'சிங்கிள் டெண்டர்' என்றால் இரண்டு வேறு விஷயங்களைச் சொல்வார்கள். ஒன்று 166-ஆம் விதியில் வருவது. இந்தப் பொருளை ஒரே நிறுவனம்தான் செய்கிறது, அல்லது அவசரம், அல்லது ஏற்கெனவே இருக்கும் இயந்திரத்தோடு பொருந்த வேண்டும் என்ற காரணத்தைக் காட்டி, நாமாகவே ஒருவரை மட்டும் கூப்பிடுவது. அதில் சந்தேகப்பட நியாயம் உண்டு, சான்றிதழும் மேலிட ஒப்புதலும் வேண்டும். இன்னொன்று, எல்லோரையும் கூப்பிட்டு ஒருவர் மட்டும் வருவது. முதலாவது கல்யாணத்துக்கு ஒரு வீட்டாருக்கு மட்டும் பத்திரிகை வைப்பது போல. இரண்டாவது ஊருக்கெல்லாம் பத்திரிகை வைத்து ஒரு வீட்டார் மட்டும் வந்து நிற்பது போல. வந்தவர்களைத் திருப்பி அனுப்புவோமா? ஆனால் கோப்பின் மேல் 'சிங்கிள்' என்ற சொல்லைப் பார்த்ததுமே கை பின்வாங்குகிறது. இப்போதெல்லாம் நான் போகும் இடங்களில் இரண்டாவதை அந்தப் பெயரில் எழுதாதீர்கள், 'திறந்த டெண்டர், வந்தது ஒரு ஒப்பந்தப்புள்ளி' என்று முழுதாக எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுத்து கொஞ்சம் நீளும். அதனால் ஒன்றும் மோசமில்லை.

என் நண்பர் ஒருவர் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். இதையெல்லாம் அவரிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ ஒரு நல்ல கோப்பைப் பார்த்துட்டுப் பேசுற. நான் முப்பது வருஷம் கெட்ட கோப்பைப் பார்த்தவன்" என்றார். ஒருவருக்காகவே அளவெடுத்துத் தைத்த நிபந்தனைகள், தீபாவளி வாரத்தில் வைத்த கடைசித் தேதி, மற்றவர்கள் வராதபடி ஃபோனில் பேசி முடித்த ஏற்பாடு என்று அவர் அடுக்கினார். எல்லாமே உண்மை. ஒருவர் மட்டும் வருவது சில இடங்களில் நோயின் அறிகுறிதான். ஆனால் இரண்டு மணி நேரம் பேசியபின் அவரே ஒரு விஷயத்தைச் சொன்னார். கெட்ட கோப்பில் மூன்று ஒப்பந்தப்புள்ளிகள் இருந்ததுதான் அதிகமாம். மூன்றும் ஒரே கை எழுதியவை. எண்ணிக்கையைப் பார்த்துத் திருப்திப்படுகிற அலுவலகத்துக்கு எண்ணிக்கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "அப்ப நீங்க கோப்பில எதைத் தேடுவீங்க?" என்று கேட்டேன். "காரணத்தை. எழுதியிருந்தா அதைச் சோதிப்போம். எழுதலைன்னாதான் பாரா எழுதுவோம்" என்றார். பாரா என்றால் தணிக்கை ஆட்சேபம்.

அந்த பதிலைத் தூக்கிக்கொண்டுதான் நான் என் வகுப்பை மாற்றினேன். இப்போது ஸ்லைடு கிடையாது. இடப்பக்கம் வலப்பக்கம் கிடையாது. தொகை எல்லைகளை யாரையும் மனப்பாடம் செய்ய விடுவதில்லை. வாங்கும் நாளில் எது நடப்பில் இருக்கிறதோ அதை நிதி அமைச்சகத்தின் தளத்தில் பார்த்து, அச்செடுத்து, கோப்பில் வையுங்கள் என்பதோடு அது முடிந்துவிடும். அழைக்கும் அலுவலகத்திடம் ஒரு நிபந்தனை மட்டும் வைக்கிறேன். பர்ச்சேஸ் உதவியாளர், இண்டென்ட் கொடுத்தவர், கணக்கு அதிகாரி, கையெழுத்துப் போடும் அதிகாரி, நான்கு பேரும் ஒரே மேஜையில் இருக்க வேண்டும். நின்றுபோன கோப்பு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அரை நாள் அந்த ஒரு கோப்பு மட்டும்.

அந்த அரை நாளில் பெரும்பகுதி 'விலை நியாயம்' என்ற இரண்டு சொற்களில் போய்விடும். விலை நியாயமாக உள்ளது என்று எழுதிவிட்டால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். யார் சொன்னது, எதை வைத்து? முன்பு நாமே வாங்கிய விலை என்ன, எந்த வருடம்? வேறு மத்திய நிறுவனம் வாங்கியிருந்தால் அந்த ஆர்டரின் நகல் எங்கே? ஜெம்மில் இதே வகைப் பொருள் என்ன விலைக்குக் காட்டுகிறது, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இறக்குமதிப் பாகம் இருந்தால் அன்றைய டாலர் மதிப்புக்கும் இன்றையதற்கும் எவ்வளவு ஏற்றம்? வாங்காமல் விட்டால் என்ன ஆகும்? இந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலை இண்டென்ட் கொடுத்தவர் தன் கையால் எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். விஞ்ஞானி என்றால் விஞ்ஞானி, டாக்டர் என்றால் டாக்டர், ஹாஸ்டல் வார்டன் என்றால் வார்டன். அவர்கள் கொள்முதலை பர்ச்சேஸ்காரர்களின் தலைவலி என்று நினைத்து ஒதுங்கிக்கொள்கிறார்கள். பர்ச்சேஸ்காரர்களுக்கோ ஃப்ரீசருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. அந்தக் கடற்கரைக் கோப்பில் இண்டென்டுக்குப் பிறகு விஞ்ஞானியின் எழுத்து எங்குமே இல்லை. பழைய ஃப்ரீசர் எந்த நிலையில் இருக்கிறது, உள்ளே இருப்பது போனால் திரும்பக் கிடைக்குமா என்று அவர் நான்கு வரி எழுதியிருந்தால், பச்சை மையில் எழுதியவருக்கு எடை போட இரண்டு பக்கமும் இருந்திருக்கும். அவர் தட்டில் விழுந்தது ஒரே பக்கம்.

கையெழுத்துப் போடுகிறவரைத் தனியாக விடக் கூடாது என்பதையும் இப்போது வலியுறுத்துகிறேன். கொள்முதல் குழுவின் கூட்டக் குறிப்பில் கணக்கு அதிகாரியின் கருத்து பெயரோடு இருக்கட்டும். ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் அதுவும் இருக்கட்டும். ஐந்து பேர் காரணத்தோடு எடுத்த முடிவைப் பிற்பாடு ஒருவர் கேள்வி கேட்டால், பதில் சொல்வதற்குக் கோப்பே முன்வரும். ஓய்வுக்குப் பதினாலு மாதம் இருப்பவருக்கு விதியைவிட இதுதான் தெம்பு. ஒரு நிறுவனத்தில் இப்படி உட்கார்ந்து முடித்தபோது, அதுவரை ஒன்றுமே பேசாமல் இருந்த கணக்கு அதிகாரி, "இதை நாங்க முன்னாடியே சேர்ந்து பேசியிருக்கலாம். எனக்கு இந்த ஃபைல் கடைசியிலதான் வரும், அதனால வேண்டாம்னு சொல்றதுதான் என் வேலைன்னு ஆயிடுச்சு" என்றார். அவரை மாதிரி ஆட்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். அவர்களை முதல் பக்கத்திலேயே உள்ளே கொண்டுவர வேண்டும் என்பதை நான் 19 வருடம் அந்தப் பிரிவில் இருந்தும் யோசித்ததில்லை.

எல்லா இடத்திலும் இது பலித்துவிடவில்லை. நான்கு பேரை ஒரே மேஜைக்குக் கொண்டுவருவதே பாதி இடங்களில் நடக்கவில்லை. இயக்குநர் டெல்லியில், கணக்கு அதிகாரி லீவில், "உதவியாளர்களுக்கு மட்டும் நடத்திக் கொடுங்க சார், அவங்கதானே ஃபைல் போடறாங்க" என்பார்கள். அப்படிக் கேட்டால் இப்போது மறுத்துவிடுகிறேன். அந்தப் பெண்ணுக்கு நான் கற்றுக்கொடுக்க எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, அவரைப் போன்றவர்களை மட்டும் உட்காரவைத்து மறுபடியும் அதே பத்தியைப் படிக்க எனக்கு மனசு வரவில்லை.

அவர் இன்னும் அதே செக்ஷனில்தான் இருக்கிறார். போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டார். இந்த முறை ஹாஸ்டலுக்குக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம். ஒருவர்தான் வந்திருக்கிறார். நிபந்தனைகளைச் சரிபார்த்துவிட்டாராம், இருபத்தைந்து நாள் அவகாசமும் கொடுத்தாகிவிட்டதாம். பழைய இயந்திரம் வாரத்துக்கு எத்தனை நாள் ஓடவில்லை என்ற கணக்கை வார்டனே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். விலை ஒப்பீட்டுக்கு ஒரு ஆர்டர் நகல் கிடைத்துவிட்டது, இன்னொன்று இருந்தால் பலமாக இருக்கும், உங்களுக்குத் தெரிந்த நிறுவனம் எதுவும் சமீபத்தில் வாங்கியிருக்கிறதா என்று கேட்டிருந்தார். காரைக்குடியில் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நகல் திங்கட்கிழமை அனுப்புவதாகச் சொன்னார். கொள்முதல் குழு கூடுவது புதன்கிழமை.